"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க, "பக்கத்து வீடு"ன்னு சொன்னேன்

வாசகர் கேள்வி: எனக்கு 56 வயசு மேடம். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் 27 வருஷப் பழக்கம். கூடப்பொறந்தவங்க இல்ல, ஆனா அக்கான்னுதான் கூப்பிடுவேன். அஞ்சு மாசம் முன்னாடி ஹார்ட் அட்டாக்ல போயிட்டாங்க. மொத நாள் சாயங்காலம் மதில்கிட்ட நின்னு பேசும்போது தோள்பட்டை வலிக்குது, படியேறினா மூச்சு வாங்குதுன்னாங்க. அந்த நேரம் பாத்து உள்ள போன் அடிச்சுது, "ஏதாவது வெயிட்டு தூக்கிருப்பீங்க, ரெஸ்ட் எடுங்க, நாளைக்குப் பேசுவோம்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த நாள் அந்தக் கூட்டத்துல யாரோ ஒரு அம்மா "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க. "பக்கத்து வீடு"ன்னு சொல்லிட்டு ஓரமா போய் நின்னுட்டேன். எங்கம்மா போனப்ப கூட நான் இப்படி அழல, "பெத்தவளுக்கே இவ்ளோ அழல, இன்னுமா இது"ங்கறார் என் வீட்டுக்காரர். வேலையெல்லாம் செய்யறேன், பேரன்கூட சிரிக்கிறேன், அப்புறம் சிரிச்சதுக்கு குத்த உணர்ச்சியா இருக்கு. காலைல அவங்க கேட் தாழ்ப்பாள் சத்தம் கேக்கற மாதிரி இருக்கு. மனசுக்குள்ள அவங்ககிட்ட பேசறேன். அப்பப்ப நெஞ்சு அடைக்குது. அவங்க வீட்டு சாவி என்கிட்ட இருக்கு, குடை ஒண்ணும் இருக்கு. அவங்க பொண்ணு வெளியூர்ல, வீட்ட வாடகைக்கு விடப்போறாங்களாம். அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணா அழ வெச்சிடுவேனோன்னு இதுவரைக்கும் பண்ணல. துக்கத்துக்கு அஞ்சு நிலை உண்டுன்னு படிச்சேன், நான் எந்த நிலைல மாட்டிக்கிட்டேன்? எனக்கு மனநோயா?

பதில்:

வணக்கம்மா. உங்க கேள்வி எல்லாத்துக்கும் வரேன், ஆனா நீங்க கேள்வியாவே கேக்காம நடுவுல ஒரு வரில போட்டுட்டு போயிருக்கீங்களே, "அப்பப்ப நெஞ்சு அடைக்குது"ன்னு, மொதல்ல அதுதான். இந்த வாரத்துக்குள்ள ஒரு டாக்டரப் பாத்து ஈசிஜி எடுத்துடுங்க, இடையில அந்த அடைப்பு அதிகமாச்சுன்னா, நிக்காம தொடர்ந்து இருந்தா, இல்ல வேர்வையோ மூச்சுத்திணறலோ சேந்து வந்தா, வாரமெல்லாம் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு போங்க. துக்கத்துல நெஞ்சு அடைக்கறது சகஜம்தான், பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். ஆனா அத கடிதத்துல படிச்சு நான் முடிவு பண்ணக்கூடாது, நீங்களும் பண்ணக்கூடாது. பெரிய அதிர்ச்சியில இதயத் தசையே கொஞ்ச நாள் சரியா சுருங்காமப் போற ஒரு நிலை நெஜமாவே இருக்கு, 1990ல ஜப்பான்ல அதுக்கு டாகோட்சுபோன்னு பேர் வெச்சாங்க, அங்க ஆக்டோபஸ் புடிக்கிற பானையோட பேர் அது, இதயம் ஸ்கேன்ல அந்த வடிவத்துல தெரியுமாம். அதிகமா வர்றது மாதவிடாய் நின்ன பெண்களுக்கு. உங்களுக்கு அதுதான்னு சொல்ல வரல. "எல்லாம் மனசுதான்"னு நீங்களே உங்களுக்கு வைத்தியம் பாத்துக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

சரி, இப்ப அந்த "என்ன வேணும்"க்கு வருவோம்.

உங்க கடிதத்த ரெண்டாவது தடவ படிக்கும்போதுதான் தோணுச்சு, தோள்பட்டை வலிய விட உங்கள அதிகமா அறுக்கறது அந்தக் கேள்விதான்னு. கேட்ட அம்மா மேல தப்பு சொல்ல முடியாது, சாவு வீட்ல எல்லாரும் கேக்கறதுதான். ஆனா அந்தக் கேள்விக்கு நம்மகிட்ட இருக்கற பதிலெல்லாம் முறைதான், தங்கச்சி, நாத்தனார், சித்தி பொண்ணு. 27 வருஷம் தினமும் மூஞ்சி பாத்தவங்களுக்கு ஒரு முறையும் கெடையாது. அதனால "பக்கத்து வீடு"ன்னீங்க. முகவரியச் சொன்னீங்க, உறவச் சொல்லல. சொல்லிட்டு ஓரமா வேற போய் நின்னுட்டீங்க. எனக்கென்னமோ நீங்க இன்னும் அந்த ஓரத்துலதான் நிக்கறீங்கன்னு தோணுது. அஞ்சு மாசமா பொண்ணுக்கு போன் பண்ணல, யாரோ ஒருத்தர் வந்து "நீங்க முன்னாடி வாங்க"ன்னு கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கீங்க.

இந்த மாதிரி துக்கத்துக்குன்னு தனியா ஒரு பேர் உண்டு. அமெரிக்காவுல கென்னத் டோகான்னு ஒரு துக்க ஆய்வாளர், 1989ல இதப் பத்தி விரிவா எழுதினார், தமிழ்ல சொல்லணும்னா உரிமை மறுக்கப்பட்ட துக்கம். இழப்பு நெஜம், ஆனா சுத்தி இருக்கறவங்க "உனக்கு இதுல என்ன"ன்னு பாப்பாங்க, அதனால ஆறுதலும் கெடைக்காது அழறதுக்கு எடமும் கெடைக்காது, நாளாக நாளாக நமக்கே நம்ம மேல சந்தேகம் வந்துடும். ஆபீஸ்கள்ல துக்க லீவுக்கு வெச்சிருக்கற லிஸ்ட்ட பாருங்க, கணவன் மனைவி பெத்தவங்க புள்ளைங்கன்னு போகும், சிநேகிதின்னு ஒரு வரி இருக்கறது ரொம்ப அபூர்வம். ஆனா உடம்புக்கும் மனசுக்கும் அந்த லிஸ்ட் தெரியாது. ஆஸ்திரேலியாவுல வருஷா வருஷம் ஒரே ஆளுங்ககிட்ட எடுக்கற ஒரு பெரிய சர்வேயில இருந்து 26,000 பேருக்கு மேல உள்ள தகவல எடுத்து 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, நெருங்கின ஃப்ரெண்ட பறிகொடுத்தவங்களுக்கு மனநலம், உடல்நலம், மத்தவங்களோட பழகறது எல்லாத்துலயும் வர்ற சரிவு நாலு வருஷம் வரைக்கும் கூட தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு அஞ்சு மாசம்தான் ஆகியிருக்கு. இத அப்படியே உங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டலாம்.

அம்மாவுக்கு அழாதது பத்தி. எந்த வயசுல, எவ்ளோ நாள் படுக்கையில இருந்து அம்மா போனாங்கன்னு நீங்க எழுதல, அதனால அதப்பத்தி பேசறது சரியில்ல. ஆனா ஒண்ணு தெரியும், கல்யாணத்துக்கப்புறம் அம்மாவ நீங்க தினமும் பாத்திருக்க மாட்டீங்க. அக்காவ பாத்தீங்க. 27 வருஷம்னா 9,800 நாளுக்கு மேல. பாசம் எதுல ஜாஸ்தின்னு தராசுல போடற வேலையே இல்ல இது. நம்ம மூளை எப்பவும் அடுத்து என்ன வரும்னு எதிர்பாத்துக்கிட்டே இருக்கும், காலைல தாழ்ப்பாள் சத்தம், சாயங்காலம் மதில்மேல ஒரு கை, ராத்திரி அந்த வீட்டு லைட் அணையறது, இதெல்லாம் உங்க நாளோட சட்டம் மாதிரி உள்ள பதிஞ்சு கெடக்கு. அம்மாவோட இழப்பு ஒரு பெரிய பாறாங்கல் மாதிரி ஒரே எடத்துல இருக்கும், இது பொடிப்பொடியா வீடு பூரா செதறிக் கெடக்கு, எந்தப் பக்கம் கால் வெச்சாலும் குத்துது. அழுகை ஜாஸ்தியா வர்றதுல என்ன ஆச்சரியம்.

அந்தத் தாழ்ப்பாள் சத்தமும் அதோட சேந்ததுதான். 1971ல வேல்ஸ்ல ஒரு ஊர் டாக்டர், டெவி ரீஸ்னு பேரு, துணைய இழந்த 293 பேர்கிட்ட ஒக்காந்து கேட்டிருக்கார், கிட்டத்தட்ட பாதிப் பேர் போனவங்க பக்கத்துல இருக்கற மாதிரி உணந்தோம், குரல் கேட்டோம், உருவம் பாத்தோம்னு சொல்லியிருக்காங்க. நெறைய பேர் அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொன்னதே இல்ல. பயப்படவும் இல்ல, ஆறுதலாத்தான் இருந்துச்சுன்னாங்க. நீங்க மனசுக்குள்ள பேசறதும் அப்படியே. போனவங்கள விட்டுட்டு மனச வேற பக்கம் திருப்பறதுதான் துக்கத்தோட வேலைன்னு, உளப்பகுப்பாய்வ ஆரம்பிச்ச ஃப்ராய்ட் காலத்துல இருந்து ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தாங்க, 1996 வாக்குல இருந்து ஆராய்ச்சி பேச்சு மாறிடுச்சு, உறவு முடியறதில்ல வேற வடிவத்துல தொடருதுன்னு. பேசுங்க. சத்தமா பேசினாலும் தப்பில்ல, மதில் பக்கம் யாரும் இல்லையான்னு மட்டும் பாத்துக்கோங்க, இல்லாட்டி தெருவே எனக்கு கடிதம் போடும்.

அஞ்சு நிலை. இந்த அஞ்சு நிலையால எனக்கே ஒரு சூடு பட்டிருக்கு. வேலைக்கு வந்த புதுசுல, மகன இழந்த ஒருத்தருக்கு பேப்பர்ல அஞ்சு கட்டம் போட்டு மறுப்பு, கோவம், பேரம், மனச்சோர்வு, ஏத்துக்கறதுன்னு எழுதி விளக்கினேன். அவர் அத வீட்டுக்கு எடுத்துட்டு போயி அடுத்த வாரம் திரும்ப கொண்டு வந்து, "மேடம் எனக்கு இன்னும் கோவமே வரல, நான் தப்பா துக்கப்படறேனா?"ன்னு கேட்டார். இன்னைக்கும் நெனச்சா கூசுது. 1969ல எலிசபெத் கூப்ளர் ராஸ்னு ஒரு மனநல மருத்துவர் அத எழுதினது, தான் சாகப்போறோம்னு தெரிஞ்ச நோயாளிகளோட பேசிப் பாத்து. பின்னாடி உயிரோட நிக்கறவங்களுக்காக மொதல்ல எழுதினதே இல்ல, அப்புறம் அது எல்லா துக்கத்துக்கும் பஸ் ரூட் மாதிரி ஆயிடுச்சு. அதனால நீங்க எந்த நிலைலயும் மாட்டிக்கல, ஏன்னா அப்படி ஒரு ரூட்டே இல்ல. உங்களுக்கு பொருந்தறது 1999ல மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட்னு ரெண்டு துக்க ஆய்வாளர்கள் சொன்னது. துக்கத்துல இருக்கறவங்க ஊஞ்சல் மாதிரி ரெண்டு பக்கமும் போயிட்டு போயிட்டு வருவாங்க, ஒரு பக்கம் இழப்பு, இன்னொரு பக்கம் மாவு மில்லு ரேஷன் பேரன்னு நடப்பு வாழ்க்கை. ரெண்டுக்கும் போயிட்டு வர்றதுதான் ஆரோக்கியம். பேரன்கூட சிரிச்சது அக்காவுக்கு செஞ்ச துரோகம் இல்லம்மா, ஊஞ்சல் அந்தப் பக்கம் போயிருக்கு, அவ்ளோதான்.

மனநோயான்னு கேட்டதுக்கு: நீங்க எழுதினத வெச்சு பாத்தா இல்ல. நீடித்த துக்கம்னு ஒரு நோய்ப்பேர் இருக்கு, உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல்ல கொறஞ்சது ஆறு மாசம், அமெரிக்க மனநல மருத்துவர்களோட பட்டியல்ல பெரியவங்களுக்கு கொறஞ்சது ஒரு வருஷம் தாண்டியிருக்கணும், ரெண்டுமே 2022ல நடைமுறைக்கு வந்தது. அதுக்காக ஆறாவது மாசம் பொறந்த ஒடனே உங்களுக்கு நோய் வந்துடாது, காலண்டர மட்டும் நாங்க பாக்க மாட்டோம். எழுந்திரிக்கவே முடியல, எதுலயும் ஒட்டல, வாழ்க்கைக்கே அர்த்தம் இல்ல, நாளுக்கு நாள் கொறையறதுக்கு பதிலா ஏறிக்கிட்டே போகுதுன்னு இருந்தா ஒரு மனநல மருத்துவர பாக்கணும். நானும் அவங்ககூடவே போயிடலாமான்னு ஒரு நாள் தோணினா கூட ஆறு மாசம் அஞ்சு மாசம்னு கணக்கு பாக்காம அன்னைக்கே வீட்ல சொல்லிட்டு போங்க.

தோள்பட்டை வலி. இத சுத்தி வளைக்காம சொல்றேன், ஏன்னா நீங்க எப்படியும் தேடிப் படிச்சிருப்பீங்க. ஆமா, பெண்களுக்கு ஹார்ட் அட்டாக் எப்பவும் நெஞ்ச புடிச்சுக்கிட்டு விழற மாதிரி வராது, தோள், முதுகு, தாடை வலியாவோ மூச்சு வாங்கறதாவோ கொமட்டலாவோ சும்மா அசதியாவோ வரலாம். அக்கா சொன்னது அதுவா இருந்திருக்கலாம். ஆனா இத நீங்க தெரிஞ்சுக்கிட்டது அவங்க போனதுக்கப்புறம். மதில்கிட்ட நின்னுட்டிருந்த உங்களுக்கு தெரிஞ்சது, அந்த வயசுல ஒரு பொம்பளைக்கு தோள் வலிக்குது, படியேறினா மூச்சு வாங்குதுங்கறது மட்டும்தான், அதுக்கு யாரும் சொல்ற பதிலத்தான் சொன்னீங்க. முடிவு தெரிஞ்சப்புறம் "அப்பவே தெரிஞ்சிருக்கணும்"னு மனசு சாதிக்கும். 1975ல பரூக் ஃபிஷாஃப்னு ஒரு உளவியல் ஆய்வாளர் இத சோதனை வெச்சே காட்டினார், முடிவ சொல்லிட்டா அது முன்னாடியே தெரியற மாதிரிதான் இருந்துச்சுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. அந்த வலி அவங்களுக்கும்தான் இருந்துச்சு, அவங்க உடம்பு, அவங்களே பெருசா எடுத்துக்கல, உங்ககிட்ட சொன்ன மாதிரி பொண்ணுக்கு போன் பண்ணி சொன்னாங்களா? தெரியாது. அவங்கள குத்தம் சொல்ல உங்களுக்கு மனசு வராது இல்ல, அதே மனச கொஞ்சம் உங்களுக்கும் வைங்க. "நாளைக்குப் பேசுவோம்"ங்கறது கடைசி வார்த்தையா போனதும் அவ்ளோ மோசமானது இல்ல, நாளைக்கும் நீங்க வேணும்னு அதுல இருக்கு. இத சொன்னதால குத்த உணர்ச்சி போயிடும்னு நான் நெனைக்கல, கொஞ்ச நாள் வந்து வந்து போகும். வரும்போது அத உங்க தலைக்குள்ளயே வெச்சு வாதாடாம, ஒரு நோட்டுல அக்காவுக்கே எழுதுங்க, சாரி சொல்லணும்னா சொல்லுங்க, அன்னைக்கு போன் பண்ணது யாருன்னு கூட சொல்லுங்க.

இப்ப பொண்ணு விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. அழ வெச்சிடுவேனோன்னு போன் பண்ணாம இருக்கீங்க. அம்மா போய் அஞ்சு மாசம் ஆன பொண்ணுக்கு நீங்க போன் பண்ணித்தான் அது ஞாபகம் வரணுமா? அந்தப் பக்கம் என்ன ஓடிட்டிருக்கும்னு யோசிங்க, "அம்மாவோட அவ்ளோ பழகினாங்களே, ஒரு போன் கூட பண்ணலயே"ன்னுதான் ஓடும். அதோட உங்ககிட்ட ஒண்ணு இருக்கு, உலகத்துல வேற யார்கிட்டயும் இல்லாதது. அந்தப் பொண்ணுக்கு அவங்க அம்மாவத் தெரியும், அம்மாவா. நீங்க பாத்தது வேற ஒரு ஆள, மதில்மேல கைய ஊனிக்கிட்டு யாரையாவது கிண்டல் பண்ணின ஆள, பொண்ணு ஊருக்கு போன அன்னைக்கு சாயங்காலம் என்ன சொல்லி பெருமூச்சு விட்டாங்க, பரிட்சை ரிசல்ட் அன்னைக்கு எப்படி நடந்துக்கிட்டிருந்தாங்க, எதுக்கு சிரிச்சாங்க, யாரு மேல கடுப்பா இருந்தாங்க. துக்கத்துல இருக்கற புள்ளைங்க என்கிட்ட வந்து அதிகமா கேக்கறது இதத்தான், "எங்கம்மா எப்படிப்பட்டவங்கன்னு எனக்கு முழுசா தெரியாம போச்சே"ன்னு. நீங்க போன் பண்ணி பெருசா ஆறுதலெல்லாம் சொல்ல வேணாம், "கடவுள் கூப்பிட்டுக்கிட்டார், தைரியமா இரும்மா"ங்கற பேச்செல்லாம் அந்தப் பொண்ணு நூறு பேர்கிட்ட கேட்டு அலுத்திருக்கும். "உங்கம்மாவ இன்னைக்கு நெனச்சேன், ஒரு தடவ அவங்க இப்படி பண்ணாங்க தெரியுமா"ன்னு ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்க, சின்னதா, வேடிக்கையா இருந்தா இன்னும் நல்லது. அழுதா அழட்டும். நீங்களும் அழுங்க. ரெண்டு பேருக்கும் அஞ்சு மாசமா அழறதுக்கு சரியான ஆள் கெடைக்கல.

தோள்பட்டை வலி சொன்னத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுமான்னு யோசிப்பீங்க. மொத போன்லயே போட்டு ஒடைக்க வேணாம். அது உங்க பாரத்த எறக்கி வெக்கறதா இருக்கும், அந்தப் பொண்ணு தயாரா இருக்குமான்னு தெரியாது. அதுவா "கடைசியா அம்மா உங்ககிட்ட என்ன பேசினாங்க?"ன்னு கேட்டா மறைக்காம சொல்லுங்க.

சாவி பொண்ணோட கைலதான் போகணும், வேற யார்கிட்டயும் குடுத்தனுப்பாதீங்க. வீட்ட காலி பண்ண வரும்போது, "சாமான் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ உள்ள வந்து உக்காந்துட்டு போகட்டுமா?"ன்னு கேளுங்க. இல்லன்னு சொல்லாது. தனியா, யாருக்கும் தெரியாம இப்ப திறந்துட்டு போகாதீங்க, ஆசையா இருக்கும், புரியுது, ஆனா பின்னாடி திருட்டுத்தனமா போன மாதிரி உங்களுக்கே உறுத்தும். குடை பத்தியும் அப்பவே கேட்டு உங்ககிட்டயே வெச்சுக்கோங்க, மழைக்கு எடுத்துட்டும் போங்க, பீரோல பூட்டி வெக்க வேணாம். அப்புறம் ஒரு அவசர விஷயம், போன்ல அக்கா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருந்தா யாரையாவது வெச்சு இன்னொரு எடத்துல காப்பி எடுத்துடுங்க. போன மாத்தும்போது அது போயி, ரெண்டாவது தடவ செத்த மாதிரி அழுதவங்கள நான் பாத்திருக்கேன். இப்பவே கேக்கணும்னு இல்ல, இருந்தா போதும்.

புதுசா குடி வர்றவங்க மேல உங்களுக்கு காரணமே இல்லாம எரிச்சல் வரும், அவங்க தாழ்ப்பாள போடற சத்தமே தப்பா கேக்கும். வரட்டும். அவங்ககிட்ட சிரிச்சா போதும், மொத நாளே வாசல்ல நிக்க வெச்சு இந்த வீட்ல ஒருத்தங்க இருந்தாங்கன்னு ஆரம்பிச்சுடாதீங்க, பாவம் அவங்க அட்வான்ஸ் குடுத்துட்டு வந்திருப்பாங்க.

உங்க வீட்டுக்காரர் கல்நெஞ்சக்காரர்னு எனக்கு தோணல. வீட்ல ஒருத்தர் அழுதுக்கிட்டே இருந்தா, நிறுத்த தெரியாத ஆம்பளைங்க இப்படித்தான் கணக்கு பேசுவாங்க, அம்மாவுக்கு இவ்ளோ இதுக்கு இவ்ளோன்னு. அவர்கிட்ட "என்னைப் புரிஞ்சுக்கோங்க"ன்னு பொதுவா சொன்னா முழிப்பார். செய்யறதுக்கு ஒண்ணு குடுங்க. சாயங்காலம் அந்த மதில்கிட்ட நிக்கற நேரத்துக்கு பத்து நிமிஷம் கூட வந்து நில்லுங்க, ஒண்ணும் பேச வேணாம்னு கேளுங்க. அக்காவுக்கு பதிலா இல்ல. அந்தப் பத்து நிமிஷம் தனியா கெடக்கு, அதுக்குத்தான்.

அடுத்த தடவ யாராவது "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டா, பொண்ணு வீட்டு விசேஷத்துலயோ வேற எங்கயோ கேக்கத்தான் போறாங்க, "27 வருஷம் தினமும் பேசினவ"ன்னு சொல்லிப் பாருங்க. சொல்லிட்டு ஓரமா போகாம நின்ன எடத்துலயே நில்லுங்க.

மொதல்ல ஈசிஜி. எடுத்துட்டு என்ன வந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்கம்மா, காத்திருப்பேன்.